பொத்தான் டப்பாவில் கிடந்த மாத்திரைகள்

அக்கா, இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, அத்தானுக்கும் வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. இதோடு மடித்து வைத்திருக்கும் கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதை யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டு, ஆனால் அதன் முதல் வரியை நம்பாதே. "இங்க ரெண்டு பேரும் சௌக்கியம், அங்க ரெண்டு பேரும் எப்படின்னு கேளுடி" என்றாள், எழுதினேன். "எனக்கு இப்பல்லாம் கண்ணாடியே வேணாம், பார்வை திரும்பி வந்துடுச்சுன்னு போடு" என்றாள், அதையும் போட்டேன். கையெழுத்து மட்டும் அம்மா போட்டது. அது கோட்டை விட்டு இறங்கித் தாளின் ஓரத்தில் போய் நிற்கிறது, பார். வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை.

அம்மா முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கிறாள். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை நான் எழுதலாம். போனில் சொல்ல வழியில்லை, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவிடுகிறாள். நீ போன நாலு மாதத்தில் அம்மா மூன்று கண்ணாடி மாற்றிவிட்டாள், ஒன்றும் பொருந்தவில்லை. உனக்குத்தான் தெரியுமே, பத்து வருடமாகக் கண்ணாடி போடாமல் அவளால் ஊசி கோக்க முடியாது, இருந்தும் நம்மை ஒரு நாளும் கோக்க விட்டதில்லை. அடுத்தவள் கோத்த ஊசியில் தைத்தால் தையல் பிரியும் என்பாள். ஒரு நாள் காலையில் கண்ணாடியைக் காணாமல், ஜன்னலோரம் நின்று சும்மா முயன்று பார்த்தாள், நூல் ஒரே குத்தில் நுழைந்துவிட்டது. மிஷின் மேலே ஏறி ஆடாத குறைதான். அன்றிலிருந்து எழுந்ததும் வெறும் கண்ணால் ஊசி கோத்துப் பார்ப்பதுதான் அவளுடைய சர்க்கரைப் பரிசோதனை. நூல் நுழைந்தால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமாம். "கண்ணு தானா தெளியுது, அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்கிறாள். எதிர்ப்பக்கம் நிற்கும் பஸ்ஸில் என்ன நம்பர் என்று கேட்டேன், தெரியவில்லை. "பஸ்ஸையா தைக்கப் போறேன்? என் வேலை என் மூக்குக்கு முன்னாடிதான்டி இருக்கு" என்று சிரித்தாள்.

போன வாரம் என் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தேடி டப்பாவைக் கொட்டினேன். பொத்தான்களோடு மாத்திரைகள் கிடந்தன, பொத்தான் மாதிரியே வெள்ளையாக, வட்டமாக, துளை மட்டும் இல்லாமல். என் கண் எதிரில் கையில் எடுத்துத் தண்ணீர் குடித்தாளே, அத்தனையும் அதில்தான் இருந்தன. அம்மா பார்த்துவிட்டாள். "அக்காகிட்ட மூச்சு விட்டே, உன்கூடப் பேசவே மாட்டேன். அவ லீவு போட்டுட்டு ஓடி வருவா, புது வேலை போயிடும். எம்மேல சத்தியம் பண்ணு" என்றாள். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். இதை எழுதுவதால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா. எழுதாவிட்டாலும் ஆகும்.

மறுநாள் பள்ளி விட்டதும் மூன்று கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றை வாங்கிய கடையில் கண் சோதிப்பவரிடம் போனேன். அவர் எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணாடி மேல தப்பு இல்லம்மா, உங்கம்மாவுக்கு வேண்டிய பவர் மருந்துக்கடையிலதான் இருக்கு" என்றார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு ரத்தக்குழாயே கிடையாதாம், சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதற்குச் சோறு போடுகிறது, அந்தச் சோறு குளுக்கோஸ். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்தத் தண்ணீரிலும் ஏறும். லென்ஸுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, வருவதையெல்லாம் உள்ளே விட்டுக்கொள்ளும். மிஞ்சியது உள்ளேயே வேறொரு சர்க்கரையாக மாறி, வெளியேற முடியாமல் தங்கித் தண்ணீரை இழுக்கும். அறிவியல் வகுப்பில் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி லென்ஸ் உப்பும். உப்பிய லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியும், தூரம் போய்விடும். அம்மா ஊசி கோத்தது பார்வை திரும்பியதால் இல்லை அக்கா, சர்க்கரை ஏறியதால்.

அப்படியே விட்டால் புரை விழும் என்றார். "போன தடவையே டார்ச் அடிச்சுப் பாத்துச் சொன்னேனே, ஓரத்துல மங்க ஆரம்பிச்சிடுச்சுன்னு. உங்கம்மா வீட்ல சொல்லலையா?" என்று என்னையே கேட்டார். சர்க்கரை இறங்கினால் உப்பியது வற்றுமாம், ஆனால் மங்கியது தெளியாது, அதற்கு ஆபரேஷன்தான், அதற்கும் முதலில் சர்க்கரையை இறக்க வேண்டும். அதற்காகப் பட்டினி போட்டுவிடக் கூடாது, சோறே போகாவிட்டாலும் லென்ஸ் கெடும் என்றார். பள்ளியில் நடத்திய பாடம் போல அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "உங்க சாரை வந்து ஒரு பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கச் சொல்லு பாப்போம்" என்று முடித்துவிட்டாள். ஆனால் இரண்டு வாரமாக பல்பில் புகை படிந்திருக்கிறது என்று என்னைத் துடைக்கச் சொல்கிறாள். ஐந்து தடவை துடைத்துவிட்டேன். பல்பில் ஒன்றும் இல்லை.

நீ இப்படிச் செய். நான் சொன்னதாகச் சொல்லாதே. கையெழுத்து ஏன் கோணலாக இருக்கிறது, மாத்திரை போடுகிறாயா, டாக்டரிடம் போய்ச் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து எனக்கு எழுது, இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று மிரட்டி எழுது. நீ மிரட்டினால்தான் பயப்படுவாள். ஆனால் சுருக்கமாக எழுது அக்கா, உன் கடிதத்தையும் இப்போது நான்தான் படித்துக் காட்டுகிறேன், நீளமாக இருந்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பி

மிஷின் நின்றுவிட்டது. இரு.

கதவைத் தட்டுகிறாள். நூல் அறுந்துவிட்டதாம். "தூங்கிட்டியாடி, எழுந்து வந்து இந்த ஊசியக் கோத்துக் குடு" என்கிறாள். அக்கா, அம்மா இதுவரை ஒரு நாள்கூட என்னிடம்