என் நெஞ்சைப் போட்டுப் பார்த்து வாங்கிய திரை

கடலூர் முதுநகர்
11.9.2010

மஸ்கட் வெயிலில் தண்ணீர் லாரி ஓட்டும் என் மாமாவுக்கு ஞானமேரி எழுதுவது. மாதா கிருபையில் இங்கே அடுப்பு எரிகிறது, மகள் படிக்கிறாள். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே படத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு நின்றவள் உங்கள் பெண்டாட்டி. சிரிக்காதீங்க. பொங்கல் கழிந்து எங்க ஸ்கேன் சென்டருக்குப் புது மெஷின் வந்தப்போ, அது ஓடுதா என்று பார்க்க ஒரு ஆள் வேணும் என்றார் கதிரவன் டாக்டர். எக்ஸ்ரே எடுக்கிற ஆரோக்கிய ஜெகன் நைசாக நழுவிட்டான். தரை துடைக்கிறவள் சும்மாத்தானே நிற்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்து நின்றேன். அந்தப் படத்தில் மூஞ்சி விழாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். போட்டோ என்றதும் கை தானாகப் பவுடர் டப்பாவுக்குப் போயிடுச்சு. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இரும்பு நெஞ்சு ஞானமேரி உனக்கு, நூறு வருஷம் ஓடும் என்றார். அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தப் படத்தால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ரெண்டு தடவை வாயெடுத்தேன். நீங்க, சாப்ட்டியா என்று கேட்டீர்கள். சாப்ட்டேன் என்றேன். அதற்குள் போனில் காசு தீர்ந்துபோச்சு. முட்லூர் கலியமூர்த்தி திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூட எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது. ரூமில் எல்லாருக்கும் தானம் பண்ணிவிட்டு வெறும் சோறு தின்னாதீங்க.

இப்பல்லாம் படத்தை பிலிமில் கழுவி விளக்கில் மாட்டிப் பார்ப்பது கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனால் எங்க டாக்டரிடம் இருந்தது ஜெராக்ஸ் கடையில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன மானிட்டர். சிதம்பரத்தில் சுப்புராயன் என்று நெஞ்சு டாக்டர் ஒருத்தர். அவர் இவரைப் பார்க்கும்போதெல்லாம், தபால்தலையில நெஞ்சைப் பாத்து ரிப்போர்ட் எழுதுறீரே ஓய் என்று கிண்டல் பண்ணுவாராம். ரோஷம் வந்து, பெரிசா ஒண்ணு வாங்கியே தீருவேன் என்று டாக்டர் கிளம்பிட்டார்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஆள் ஒருத்தர் வேனில் ரெண்டு மானிட்டர் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று இருபத்துநாலு இஞ்ச். இன்னொன்று முப்பது இஞ்ச், நம்ம வீட்டு ஜன்னலை விட ஜாஸ்தி அகலம். இதில் சீரியல் வருமா என்று கேட்டேன். மேடம், இது டிவி இல்ல, நாப்பது லட்சம் புள்ளி இருக்குது என்றார். அம்மாடி, அத்தனை புள்ளிக்குக் கோலம் போட்டு முடிக்கிறதுக்குள்ள மார்கழியே முடிஞ்சிடுமே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முப்பது இஞ்சின் விலையைக் கேட்டுவிட்டு டாக்டர் மட்டும் சிரிக்காமல் தண்ணீர் குடித்தார். இருபத்துநாலே போதும் என்று மனசு வந்துவிட்டது அவருக்கு.

அந்த ஆள் விடவில்லை. ரெண்டிலேயும் கிளி படம் போட்டுக் காட்டினார், அருவி போட்டுக் காட்டினார். டாக்டர், கிளி எல்லாத்துலயும் அழகாத்தான் இருக்கும், என்கிட்ட வர்றவங்க கிளி இல்லையே, நல்ல நெஞ்சு ஒண்ணு போடுங்க, வித்தியாசம் பாப்போம் என்றார். நோயில்லாத நெஞ்சுக்கு எங்கே போவது? ஜெகன்தான், ஞானமேரி அக்கா படம் கெடக்குது சார் என்று எடுத்தான்.

சின்னதில் போட்டார்கள், இருபத்துநாலில் போட்டார்கள். ஒன்றும் பெரிசா வித்தியாசம் இல்லை. முப்பதில் போட்டதும் என் விலா எலும்பெல்லாம் முருங்கைக்காய் அடுக்கின மாதிரி தெரிந்தது. சாம்பாருக்கு ஆகும் என்றேன். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிட்டே போனார். அப்புறம் சிரிப்பு நின்றுபோச்சு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் சின்னதில் போடு என்றார். மறுபடியும் பெரிசில் போடு என்றார். டை கட்டின ஆளைப் பார்த்து, வெளிய போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க என்றார்.

வலது பக்கம், தோளுக்குக் கீழே, எலும்பு மறைவில் வெள்ளையா ஒரு பட்டாணி. சின்ன மானிட்டரில் அது எலும்போடு எலும்பாத்தான் தெரியுது. அப்பவே என்னை நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். பட்டாணி இப்ப மொச்சைக்கொட்டை ஆகியிருந்தது.

மாமா, கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிற மனுஷன் அவர். அன்றைக்கு ஒரு வார்த்தை பேரம் பேசாமல் முப்பது இஞ்சை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்கே ஒழுங்காகப் போவதில்லை. பொங்கலிலிருந்து எடுத்த எல்லார் படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் போட்டுப் பார்க்கிறார். நான் டீ கொண்டுபோய் வைக்கிறேன், ஆடை கட்டி ஆறிப்போய் அப்படியே திரும்பி வருகிறது. சில படத்தில் நின்றுவிடுகிறார். உடனே ஜெகன் போனை எடுத்து, ஒண்ணும் பயப்படாதீங்க, சும்மா இன்னொரு தடவை வந்துட்டுப் போங்க என்று யாருக்கோ சொல்கிறான். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு அம்மா நேற்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். போகும்போது நான்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். டாக்டரைத் திட்டாதீங்க மாமா. அந்தச் சின்னதில் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

முந்தாநாள் அவர் தன் காரில் என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனார். நான் பின்னால் ஏறப் போனேன். முன்னாடி உக்காரும்மா என்று கதவைத் திறந்துவிட்டார். ஆயாவுக்குக் கதவு திறக்கிற டாக்டரை நான் கண்டதில்லை. புதுச்சத்திரம் தாண்டுகிறவரை நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் வாங்கிக் கொடுத்தார். ரெண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. இட்லியில் நான் தோற்றுப்போன சங்கதியை உங்க அக்காவிடம் சொல்லிடாதீங்க.

சுப்புராயன் டாக்டர் நல்ல மாதிரி. முதுகு வழியா ஊசி விட்டுத் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும், இருபத்தேழாம் தேதி வா, வீட்டுக்காரர் இருந்து கையெழுத்துப் போடணும் என்றார். வியாதி பேரை ரெண்டு பேருமே சொல்லவில்லை. அந்த இடத்தில் இத்தனை வருஷம் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு, சொல்லாமல் விடுகிற பேர் எது என்று தெரியும். கேன்சர். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பீடி குடிச்சது நீங்க, படத்துல விழுந்தது எனக்கா? இந்த நியாயத்தை மாதாவிடம்தான் கேட்கணும்.

திரும்பி வரும்போது நம்ம நித்யா மேரியின் காலேஜ் ஹாஸ்டல் வழியாத்தான் வந்தோம். நிறுத்தட்டுமா என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். அவள் நர்சிங் படிக்கிறவள், என் மூஞ்சியைப் பார்த்தாலே ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கேட்டுக்கு வெளியே நாலைந்து பிள்ளைகள் வெள்ளை யூனிபாரத்தில் நின்றார்கள். அவள் இருந்தாளா என்று பார்த்தேன். கார் வேகமாப் போயிடுச்சு.

நீங்க டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கீங்க. அந்த லீவை இந்த மாசத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க மாமா. இருபத்தேழுக்கு முன்னால். கையெழுத்துப் போட என் தம்பியே போதும். கையெழுத்துக்காக உங்களைக் கூப்பிடவில்லை.

லாரியை மெதுவா ஓட்டுங்க. தூக்கம் வந்தால் ஓரம் கட்டிடுங்க. மாதா உங்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டட்டும், கொண்டுவந்தும் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி
ஞானமேரி

ஒன்று எழுத விட்டுப்போச்சு. இன்றைக்குக் காலையில் கூட்டப் போனப்போ, பெரிய திரையில் என் படம் அப்படியே இருந்தது. அணைக்க மறந்துட்டாங்க போலிருக்கு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஊசி போடும் ரூமிலிருந்து ஸ்பிரிட் எடுத்துத் துணியில் நனைத்து, அந்த இடத்தை அழுத்தித் துடைத்தேன். மொச்சை போகவில்லை. மானிட்டர் மேல் இருந்த பூச்சுதான் போச்சு. உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போய் இருக்கிறது. இனிமே படத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம் சார் என்று ஜெகன் சொன்னான். டாக்டர் என்னைத் திட்டவில்லை.