சிக்னல் போகவில்லை

குஷாய்குடா,
ஹைதராபாத்.
18-11-2007

அன்புள்ள சக்ரபாணிக்கு அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் இங்கே நலம். உங்கள் ஊரில் பனி விழுகிறதென்று டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை, அவள் அனுப்பிய கம்பளி பனியனைக் கூச்சப்படாமல் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள். மாடிக் குழாய் ஒழுகலை அடைத்தாயிற்று, அம்மாவின் முழங்கால் வலியும் தேவலை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொரு விஷயத்தைப் போனில் சொன்னால் "பரவாயில்ல, விடுங்கப்பா" என்று நீ முடித்துவிடுவாய். அப்படி முடியக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் குட்டி ரிமோட் விமானம் நொறுங்கியதைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது பொய். நீ பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுப் போன அந்த மஞ்சள் விமானத்தை ரிட்டையரான பிறகு ஞாயிறுதோறும் கீசரா ரோடு மைதானத்துக்கு எடுத்துப்போய்ப் பறக்கவிட்டேன் அல்லவா, ஏற்றுவதும் சுற்றவிடுவதும் சீக்கிரம் வந்துவிட்டன, இறக்குவது மட்டும் கடைசிவரை வரவே இல்லை. தொம்மென்று விழும், சக்கரம் வளையும், வீட்டுக்கு வந்து நிமிர்த்துவேன். உன்னிடமோ பூப்போல இறக்கினேன் என்பேன். ஃபாக்டரியில் வயர்லெஸ் செக்‌ஷனில் இருந்தவன் என்று மைதானத்தில் எல்லோரும் சார், சார் என்பார்கள், அவர்களிடம் போய் எனக்கு இறக்கத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கு விமானம் என்னை நோக்கித் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. எதிரே வரும்போது வலது இடதாகிவிடும் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் கை தப்பான பக்கம் திரும்பிவிட்டது. பயத்தில் விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். வேகம் செத்து, ஒரு இறக்கை சரிந்து, பாறையில் போய் மோதியது. நான் என்ன செய்தேனோ அதற்கு அது கடைசி நொடி வரைக்கும் கீழ்ப்படிந்தது. புழுதி அடங்குவதற்குள் நான் "சிக்னல் போச்சு" என்று கத்தினேன்.

பக்கத்தில் நஸ்ரின் தன் விமானத்தை ஓட்டும் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மேலப்பாளையத்துப் பெண், கொண்டாப்பூரில் தங்கி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடையதும் என்னுடையதும் ஒரே சானல், ஒன்று ஓடும்போது மற்றதை ஆன் செய்தால் விமானம் கை விட்டுப் போய்விடும். மைதானத்தைக் கவனித்துக்கொள்ளும் ராகவேந்திரா, பழைய செகந்திராபாத் ஆள், ஏன் என்பதற்கு 'கைக்கு' என்பவர், அவளைத் திரும்பிப் பார்த்து, "கைக்கும்மா ஆன் பண்ணே? சார் பறக்கவிட்டுட்டு இருக்கறது தெரியல?" என்று கேட்டார். அவள் தன் கையிலிருந்த ஸ்விட்சையே பார்த்தாள். "ஆன் பண்ணலைன்னுதான் நினைக்கேன், கை பட்டிருக்குமோ தெரியல" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடமும் அவள் ரேடியோவால்தான் சிக்னல் போச்சு என்றே சொன்னேன். நீ கோபத்தில் மைதானக் குழுவின் ஈமெயிலில் அவள் பேரைப் போட்டு, கவனம் இல்லாதவர்களை மைதானத்தில் சேர்க்காதீர்கள் என்று எழுதினாய். அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள், சக்ரபாணி. பால்சா என்கிற லேசான மரத்தை அறுத்து, உன் விமானத்துக்குப் புது இறக்கை ஒன்றைத் தானே செய்து, பழைய துப்பட்டாவில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். "உங்க மகன் செஞ்சது மாதிரி வராது அங்கிள், மன்னிச்சிருங்க" என்றாள். நான் அந்த இறக்கையை வாங்கி வைத்துக்கொண்டேன். உட்காரம்மா என்றேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். அவள் கேட்டைச் சாத்திவிட்டுப் போன பிறகு அம்மா என் முன்னால் வந்து நின்றாள். விமானம் விழுந்த அன்றைக்கு அவளும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தாளே, நான் தப்பான பக்கம் திருப்பியதைப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாளாம். "அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சிண்டு போறா. நீங்க காபி குடிச்சிண்டிருக்கேள்" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

இன்று காலை மைதானத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, சிக்னல் போகவில்லை, எனக்கு இறக்கத் தெரியவில்லை என்று சொன்னேன். ராகவேந்திரா செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே அம்மாவும் நானும் பஸ் மாறி கொண்டாப்பூர் போனோம். நஸ்ரின் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "ரேடியோவை வித்துட்டேன் அங்கிள். அடுத்தவங்க பொருளைக் கெடுத்தவ கையில அது எதுக்குன்னு" என்றாள். பிறகு அம்மாவிடம், "தண்ணி கொண்டாறேன் ஆன்ட்டி" என்று உள்ளே போனாள். அம்மா குடித்தாள். நஸ்ரின் என்னிடம், "நீங்க வந்து சொன்னது சரிதான். ஆனா இப்ப எனக்குக் கோவமா இருக்கு. போயிட்டு வாங்க" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அவள் கோபப்பட்டது நியாயம், எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் பேரை நான் கெடுத்ததோடு, உன் கையாலும் கெடுக்க வைத்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உன் ரேடியோவை அவளுக்குக் கொடுக்கலாமா என்று உன்னைக் கேட்க நினைத்தேன். அம்மா, "இப்போ கொடுத்தா உங்க மனசு லேசாகறதுக்குத்தான் கொடுத்த மாதிரி இருக்கும், அவ பறக்கவிட வந்தா அப்போ கேளுங்கோ" என்கிறாள். அதுதான் சரியென்று படுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வண்டி ஓட்டும்போது நிதானமாக ஓட்டு. நீ எல்லா நலமும் பெற்று, தலை குனிய வேண்டாத வாழ்க்கை வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. எந்தக் குழுவில் அவளைப் பற்றி எழுதினாயோ அதே குழுவில், உன் அப்பா பொய் சொன்னார் என்று என் பேரைப் போட்டு எழுது. முதலில் அவளுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
பத்ரிநாராயணன்