மாயாவோடு கதைத்தது

ஒக்டோபர் 14, இரவு

மாயா பயந்த குதிரை. லாயத்தில் அவளைக் கயிறு பிடித்து நடத்திப் பழக்குவது என் வேலை. மூன்று மாதமாக வாய் திறக்காமலே பழக்கினேன். எனக்கு அதுதான் வசதி.

இன்று லாயக்கார அங்கிள் கயிற்றைப் பிடித்து, "வாடியம்மா" என்றதும் மாயா வெருண்டு பின்னுக்கு இழுத்தாள்.

"பிள்ளை, நீ இவளோட கதைக்கிறதே இல்லையா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"சரியாப் போச்சு! ஆக்கள்ட சத்தத்துக்கு வெருளுற குதிரையில ஆர் ஏறுறது? வித்திடத்தான் வேணும்."

லாயத்து ஆட்கள் எல்லோரும் பார்க்கக் கயிற்றை வாங்கினேன். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் போன காலத்தில் என் தோழி கவிதாவும் நானும் ரயில் கதவருகே நின்று ஸ்டேஷன் பெயர்களைக் கத்திக்கொண்டு போவோம். கடல் காற்றில் அவள் பின்னல் என் முகத்தில் அடிக்கும். அவள் பக்கத்தில் நின்றால் எனக்கும் சத்தம் வரும். அந்தப் பெயர்களையே சொன்னேன்.

"வெள்ளவத்தை. பம்பலப்பிட்டி. கொள்ளுப்பிட்டி."

மாயா தலையை உதறினாள். பிறகு ஒரு காதை என் பக்கம் திருப்பி, ஓர் அடி வைத்தாள்.

"கொம்பனித்தெரு. கோட்டை."

கோட்டையில் நாங்கள் இறங்கிவிடுவோம். அதற்கப்பால் எனக்குப் பெயர்கள் தெரியாது. மாயாவோ நடந்துகொண்டே இருந்தாள். அங்கிளும் வழிவிட்டு ஒதுங்கினார். நான் அவளுக்குக் கவிதாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.