பில்லில் மட்டும் இருந்த காதுக் கவசங்கள்

தெமட்டகொடை,
கொழும்பு,
09.06.2024

அன்பான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கிழமை உம்மா போனை உங்கள் காதில் வைத்துக் கத்தச் சொன்னா. கத்தினேன். "ஓம், ஓம்" என்றீர்கள். நான் கேட்டது இன்றைக்கு என்ன கறி என்று! ஆகவே இனிக் கடிதம்தான்.

பரீட்சை இருப்பதால் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வர முடியாது. கோபிக்க வேண்டாம்.

கணக்காய்வுப் பயிலுநராகச் சேர்ந்து ஒன்பது மாதமாகிறது. என்னோடு கணக்கியல் டிப்ளோமா படித்த றிஸ்னா அக்கரைப்பற்றில் வங்கியில் குளிர் அறைக்குள் இருக்கிறாள். நானோ சாமான் அடுக்கிய கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்குகிறேன். கணக்கில் எழுதியிருக்கும் சாமான் உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

இப்போது ஒரு நெசவு ஆலைக்குப் போகிறோம். அங்கே கடந்த மூன்று வருடமும் காதுக் கவசம் வாங்கியதாகப் பில் இருக்கிறது. ஆனால் தறிகளுக்கு நடுவே ஒருவர் காதிலும் அது இல்லை. சகாயம்மா என்று தமிழ் பேசும் ஓர் அக்காவிடம் கேட்டேன். அவ என் உதட்டையே பார்த்தா, நீங்கள் பார்ப்பீர்களே அதேபோல. மூன்றாம் தரம் கேட்டபோதுதான் அவவுக்கு விளங்கியது.

"அப்படி ஒரு சாமானை நாங்க கண்ணாலயும் காணல்ல, பிள்ள" என்றா.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பான சுஜிந்தன் அண்ணாவிடம் சொன்னேன். "சின்னத் தொகை தங்கச்சி, பேசாம விடுங்க" என்கிறார். என் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க முதலில் அவர்தான் சிபாரிசு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டயக் கணக்காளர் ஆவது எப்படி?

வாப்பா, உங்கள் காது உண்மையிலேயே காய்ச்சலில்தான் போனதா?

அன்பு மகள்,
பஸ்மினா

—

நிந்தவூர்,
20.06.2024

அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாள் முடிந்தது. உன் பங்கு இறைச்சியை உம்மா வற்றலாக்கி வைத்திருக்கிறா. அனுப்பி வைக்கிறோம், உன் அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். காய்ச்சல் இல்லை, மகள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைச் செவிடன் மகள் என்று சிரித்ததாக அழுதுகொண்டு வந்தாயே, அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன்.

அது அரிசி மில்லில் போனது. பத்தொன்பது வயதில் மெசினடியில் நிற்கத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்தும் காதுக்குள் இரைச்சல் ஓயாது. பிறகு ஒருநாள் விடியச் சொல்லும் சுபஹுப் பாங்கு கேட்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் பழுது என்று நினைத்து, பாங்கு சொல்லும் மோதினாரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில்தான் விளங்கியது.

முதலாளி கெட்டவர் இல்லை. மூத்தவள், உன் ராத்தாவின் கலியாணத்துக்கு அரிசி முழுக்க அவர்தான் தந்தார். காதுக்கு ஏதும் தாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் நீ இதில் தலையிடாதே. காது போனாலும் மனிதன் வாழ்வான், நான் வாழவில்லையா? உன் படிப்பு போனால் எனக்குத் தாங்காது. அந்தத் தம்பி சொன்னபடி விட்டுவிடு.

துஆவுடன்,
வாப்பா மீராமுகைதீன்

—

தெமட்டகொடை,
28.07.2024

அன்பான வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதமாக எழுதவில்லை. உங்கள் சொல்லை மீறிவிட்டு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே எங்கள் கணக்காய்வு நிறுவனத்தின் பங்காளர் மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். சுஜிந்தன் அண்ணா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். ஆலைக்குப் போக வேண்டாம் என்றார்கள். மூன்று கிழமை அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்கு நூல் கட்டினேன். வேலை போகப் போகிறது என்று நினைத்து, உம்மாவிடம் போனில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

போன திங்கள் மேடம் கூப்பிட்டா. சொல்லாமல் கொள்ளாமல் அவவே ஆலைக்குப் போய்த் தறிகளுக்கு நடுவே நின்றிருக்கிறா.

"பத்து நிமிசம் நிக்க ஏலாமப் போச்சு. அவங்க எட்டு மணித்தியாலம் நிக்கிறாங்க. சின்னத் தொகை எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டா.

நான் பேர் சொல்லவில்லை. சுஜிந்தன் அண்ணா பக்கத்தில்தான் நின்றார். "நான்தான் சொன்னன், மேடம்" என்று அவரே சொன்னார்.

விசயம் ஆலையின் இயக்குநர்களுக்குப் போய், களஞ்சியப் பொறுப்பாளரை விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் கவசம் கொடுத்தாயிற்று. என் புத்தகத்திலும் இந்த வருடத்துக் கையெழுத்து விழுந்தது.

சகாயம்மா அக்காவுக்கு மட்டும் காலம் பிந்திவிட்டது. அவவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். காதில் கருவி வைத்தால் கொஞ்சம் கேட்குமாம். உங்களுக்கும் கேட்கலாம் அல்லவா? ஒருதரம் போய்க் காட்டுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மன்னிப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு,
பஸ்மினா

—

நிந்தவூர்,
06.08.2024

அன்பு மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மன்னிக்க ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். அழுதுவிட்டு, "புள்ளைக்கு இரிக்கிற தைரியம் நமக்கு இல்லாமப் போச்சே" என்று என் கையில் எழுதிக் காட்டினா.

பிறகு மில்லுக்குப் போனேன். இப்போது முதலாளியின் மகன் ஸலாஹுதீன்தான் பார்க்கிறார். உன் கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். என்னவோ சொன்னார், வாய் நடுங்கியதால் எனக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லவும் நான் கேட்கவில்லை. இன்று காலை திரும்பப் போய்ப் பார்த்தேன், மெசினடியில் நிற்கும் ஆறு பேர் காதிலும் கவசம் இருந்தது.

வியாழக்கிழமை கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டரைக் காட்ட நம்பர் துண்டு எடுத்தாயிற்று, உம்மாவும் வருகிறா. இருபது வருடமாக நான் ஏன் போகவில்லை தெரியுமா? இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான். இப்போதும் பயமாக இருக்கிறது, மகள். ஆனாலும் போவேன்.

உன் வாப்பா