நோயுமல்ல, நலமுமல்ல

இன்று காலை புக்கிட் பாரு கிளினிக்கில் இதயத்துடிப்பை வரைந்தெடுக்க என் மார்பில் தடவிய பசை சில்லென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சியில் நீதான் முதலில் நினைவுக்கு வந்தாய். என் இதயம் பிறகுதான். வரைபடத்தைப் பார்த்த இளம் மருத்துவர், "பார்டர்லைன்தாம்மா. இந்த வயசுல சகஜம்," என்றார். எனக்குச் சகஜம். உனக்கு அப்போது இருபத்தாறு வயது.

காஜா பேராங்கில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாம் இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியைகளாக வேலை பார்த்த காலம் அது. நாடு சுதந்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. ஊர்வலத்துக்காகப் பிள்ளைகளை வெயிலில் பழக்கும்போது நீ மயங்கி விழுந்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் உன் கைகால்களில் பட்டைகளைக் கட்டி, நீளமான தாளில் இதயத்துடிப்பை வரைந்தெடுத்தார்கள்.

"நார்மல்னு சொல்ல முடியல டீச்சர். நோய்னும் சொல்ல முடியல," என்றார் டாக்டர். "அடுத்த மாசம் இன்னொன்னு எடுத்துப் பார்ப்போம்."

"எங்க ஸ்கூல்ல இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ரெண்டு மார்க் போட்டுப் பாஸாக்கிடுவோம், டாக்டர்," என்றாய் நீ.

"திரும்ப எழுதச் சொன்னா அது பெயில்தான்டி," என்றேன் நான்.

"நீ திருத்துனா எல்லாருமே பெயில்தான் லா!"

டாக்டரும் சிரித்துவிட்டார். ஊர்வலத்தில் நடக்கலாமா என்று கேட்டேன். களைப்பு வந்தால் உட்காரச் சொன்னார். பட்டம் பெற்ற நானும் அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தேன். மேடும் பள்ளமும் தெரிந்தன, வேறொன்றும் விளங்கவில்லை.

நீ நடந்தாய். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் வாங்கிய புதுச் சேலையில், பிள்ளைகளைவிட உரக்க "மெர்டேக்கா!" என்று சுதந்திரக் கோஷம் போட்டுக்கொண்டு நடந்தாய். நான் கொடியைப் பார்க்கவில்லை. உன் உதடுகள் நீலம் பாய்கின்றனவா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். "போலீஸ்காரி மாதிரி மொறைக்காதடி," என்றாய். ஒன்றும் ஆகவில்லை. வீடு திரும்பியதும் எனக்கு வைத்திருந்த மீனையும் சேர்த்துச் சாப்பிட்டாய்.

அடுத்த வரைபடத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, காலையில் தலைவாரிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டரிடம் போனேன். எதையோ கவனிக்காமல் விட்டதாக அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்று போனேன். அவர் பழைய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப காட்டினாலும் அதேதான் சொல்வேன் டீச்சர். நோய்னு சொல்ல இதுல ஒண்ணுமில்ல."

வேறு யாரிடமாவது காட்டிப் பார்க்கச் சொல்லித் தாளை என் கையில் கொடுத்தார். நல்ல மனிதர், அதுதான் என் போதாத காலம். யார் மீதாவது கோபப்பட முடிந்திருந்தால், அது தீர்ந்த பிறகு உன்னையும் கொஞ்சம் மறந்திருப்பேன்.