முள் பாதியில் நிற்கட்டும்

ஜூலை 8, 2007. அல் ஐன், அமீரகம்

மத்தியானம் திரையை விலக்கி என் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளை நிறம், பழசு, கதவில் நீளமாக ஒரு கீறல். வெளியே தார்ச்சாலை வெயிலில் தண்ணீராகத் தளும்புகிறது. மனசுக்குள் நான் ஃபுஜைரா வரைக்கும் ஓட்டிப்போய், கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பியாயிற்று. நிஜத்தில் போனது காய்கறி மார்க்கெட் வரைக்கும்தான்.

ஐந்தாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கியவளுக்கு அது போதாதா என்பார் என் வீட்டுக்காரர் சேதுமாதவன். போதாது. எட்டு வருஷமாக, முக்குக் கடைக்குப் போவதென்றாலும் இவர் டூட்டி முடிந்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவள் நான்.

ஜூலை 19

சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஏசியை அணைத்து ஓரம் கட்டினேன். பானட் இடுக்கில் ஆவி. இவருக்குப் போன் செய்தேன்.

"மூடியைத் தொட்டுடாதே பிரபா! கொதிதண்ணி மூஞ்சில அடிச்சிடும்" என்று பதறினார். அந்தப் பதற்றம் பிடித்திருந்தது. அடுத்துச் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"ஓட்டை வண்டி. பேசாம வித்துடலாம்."

ஜூலை 20

விக்கணுமாம்! டியூஷன் எடுத்து வாங்கினது நான். விக்கிறது இவரா? இன்னொரு தடவை சூடேறினா பேச்சே கிடையாதாம். வாங்க ஆள் கூட ரெடி. இவர் ஆபீஸ் அகமது கபீர், மனைவி ஓட்டறதுக்குக் கேட்கறாராம். அவர் மனைவிக்கு வண்டி வேணும், எனக்கு வேண்டாமா? நல்லா இருக்கே கதை.

ஜூலை 22

காலையில் என்ஜின் ஆறிக் கிடக்கும்போது பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் இரண்டு கோடுகள். என்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே, ஆறிப்போன டீ நிறத்தில் என்னவோ கிடந்தது.

"என்னங்க, இதுல என்னத்த ஊத்துனீங்க?"

"தண்ணிதான். கடைக்காரன் ஒரு கேனை நீட்டினான். உறையாம காக்கும்னு அதுல எழுதியிருக்கு. அம்பது டிகிரி வெயில்ல என்னத்த உறையுது? சும்மா காசு புடுங்கறானுங்க."

சரியாகத்தானே சொல்கிறார் என்று எனக்கும் பட்டது. பாலைவனத்தில் ஐஸ் எங்கே வரும்?

ஜூலை 23

வண்டியோடு வந்த கையேட்டைச் சோபாவில் படுத்துக்கொண்டு படித்தேன். உறையாமல் காப்பது கூலண்டின் பாதி வேலைதானாம். வெறும் தண்ணீர் கொதிக்கிற சூட்டிலும் அது கொதிக்காது, உள்ளே துருவும் ஏறவிடாது. அப்படியானால் குளிருக்கு அல்ல, இந்த வெயிலுக்குத்தான் அது ரொம்பத் தேவை!

புத்தகம் மார்பில் கிடக்கத் தூங்கிப்போனேன். கனவில் ரோஸ்மில்க் நிறத்தில் ஓர் ஆறு. இரும்புக் குகைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தேன். சமைக்க வேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை.

ஜூலை 25

பட்டறைகள் இருக்கும் சனாயாவுக்கு மெதுவாக ஓட்டிப் போனேன். மெக்கானிக் கலீல் ரஹ்மான், பெஷாவர்க்காரர், கையில் கிடைத்த பச்சைக் கேனைத் திறக்கப் போனார். "ஹரா, லால், சப் ஏக் ஹி ஹை மேடம்" என்றார். பச்சையோ சிவப்போ, எல்லாம் ஒன்றுதானாம்.

நிறம் எனக்கு முக்கியமில்லை பாய், இதில் போட்டிருக்கிற வகைதான் வேண்டும் என்று கையேட்டை விரித்துக் காட்டினேன். வேறு வேறு வகை கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும் என்று படித்தவள், விடுவேனா? "அச்சா, அச்சா" என்று சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தார். பழையதை வடித்தால் ஒரே துரு. ஒரு ரப்பர் குழாயின் கிளிப்பும் தளர்ந்திருந்தது. அதை முடுக்கி, உள்ளே அலசிவிட்டு, தண்ணீர் கலந்தே வருகிற சிவப்பு கூலண்டை ஊற்றினார். அது இறங்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஜூலை 29

கூலண்ட் இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே நிற்கிறது. குறையவில்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

"ஜெபல் ஹஃபீத் ஏறட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். ஊரை ஒட்டிய மலை. கோடையில் ஏசி போட்டுக்கொண்டு ஏறுகிற வண்டிகள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வழியெல்லாம் நிற்கும்.

சாயங்காலம் கிளம்பினோம். நான் ஓட்டினேன், இவர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுக்கு மேல் வளைவு. பாறையெல்லாம் ரோஜா நிறமாகிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதே மறந்துவிட்டது எனக்கு. ஏறிக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது. முள் பாதியில் நின்றது. உச்சியிலும் பாதியில்தான் நின்றது.

கீழே ஊர் விளக்கு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. இவர் முள்ளை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். "கபீர் பாய், வேற வண்டி பாத்துக்குங்க. இது என் வீட்டம்மா வண்டி."

அழுதுவிட்டேன். வெட்கங்கெட்ட கண்ணு, ஒரு வண்டிக்குப் போய்!

ஆகஸ்ட் 14

இவருடைய கம்பெனி வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது. கட்டட சைட்டிலிருந்து போன் வந்தது.

"டூட்டி முடிஞ்சுது பிரபா. வந்து கூட்டிட்டுப் போறியா?"

"வர்றேன், இருங்க."

டீயை நிதானமாகக் குடித்து முடித்தேன். புடவை மாற்றினேன். சுற்றுவழியாக, பேரீச்சந்தோப்பு ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனேன். சைட் கேட்டருகே தலையெல்லாம் சிமெண்டுப் புழுதியோடு, வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஹாரன் அடித்தேன்.