சட்டை அலமாரியில் எட்டுப் பெட்டி

கேப்பல் தெரு, வட வேல்ஸ்
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் நெரிஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், ஆக்லாந்தில் குளிர் தொடங்கும் நேரம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்கு இன்னும் ஊன்றவில்லை. இப்படியே எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, எழுத உட்கார்ந்ததை எழுதக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டு இட்வால் மாமா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். அதற்குக் காரணம் நான்தான், இது அம்மாவுக்குத் தெரியாது. நீர் பிரிய எனக்குத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, அதைப் போட்டால் அரை மணிக்கு ஒரு தடவை ஓட வேண்டியிருக்கிறது, பாடகர் குழுவில் ஒன்றரை மணி நேரம் நிற்கிறவன் என்ன செய்வான், ஒத்திகை நாளில் மட்டும் விட்டேன், பிறகு மற்ற நாளிலும் விட்டேன். ஆனால் மாதாமாதம் எந்த மருந்து திரும்ப வேண்டும் என்று டிக் போட்டு டாக்டர் கிளினிக்கின் பெட்டியில் போடும் சீட்டில் அதற்கும் டிக் போட்டு வந்தேன். போடாவிட்டால் வரவேற்பில் இருக்கும் க்ளெனிஸ் கூப்பிட்டு ஏன் என்று கேட்பாள், டாக்டரைப் பார்க்கச் சொல்வாள். அவர்களுக்கு எதற்கு வீண் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்த பெட்டிகளைப் பிரிக்காமல் சட்டை அலமாரியில் அடுக்கினேன். ஒன்பது சேர்ந்துவிட்டது.

ஈஸ்டருக்கு நாலு நாள் எல்லாம் மூடல். சீட்டுப் போட்டு இரண்டு வேலைநாள் ஆகாமல் மருந்து வராது, இட்வால் போட மறந்துவிட்டார். அவசர எண்ணுக்குப் போன் செய்தால் வழி பண்ணுவார்கள், அது எங்கள் இருவருக்கும் தெரியும். "பண்டிகையும் அதுவுமா ஒரு மாத்திரைக்காக அவங்களப் போட்டுப் படுத்தணுமா" என்று அவர் இழுத்தார். நானும் பெரிய மனுஷனாட்டம், "எங்கிட்ட கடை வைக்கிற அளவுக்கு இருக்குப்பா, அதே மாத்திரைதான்" என்று ஒரு பெட்டியை நீட்டினேன். பெயர் அதேதான். ஆனால் என்னுடையது அவருடையதைப் போல இரண்டு மடங்கு வீரியம். கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது, எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லை. ஒருவர் மாத்திரையை ஒருவர் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் வேலை பார்க்கும் நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். போன திங்கட்கிழமை நாற்காலியை விட்டு எழுந்தவர் தலை சுற்றி வாசற்படியில் விழுந்தார்.

என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டபோது நான் கட்டிலருகே நின்றிருந்தேன். இட்வால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எப்பவும் சாப்பிடுறதுதான்" என்றார். டாக்டர் போனதும், "வாயத் தொறக்காத எம்ரிஸ், உன்ன உள்ள தள்ளிட்டா குழுவுல டெனர் குரல்ல பாட ஆளுக்கு எங்க போறது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் நெரிஸ். இப்போது காரணம் தெரியாமல் இதயத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்து, புதன்கிழமை முதல் அவருடைய இதய மருந்தையே மாற்றப் போகிறார்களாம். நேற்று அவர் மனைவி மென்னா அத்தை திராட்சை ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து, "நீங்க பக்கத்துல இருக்கப்போயிதான் அவரு பொழச்சாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் நான் சொல்லவில்லை. அவள் முன்னாலேயே வெண்ணெய் தடவி இரண்டு துண்டு தின்றேன். எழுபத்து மூன்று வயதில் இப்படி வெட்கங்கெட்டவனாக இருப்பேன் என்று நினைக்கவில்லை.

மீதி எட்டுப் பெட்டியையும் பையில் போட்டுக் கதவருகே வைத்திருக்கிறேன். கிளினிக்குக்குப் போகும் வழியில் தபால் பெட்டிதான் முதலில் வருகிறது. முதலில் இந்தக் கடிதத்தைப் போடுவேன், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. பிறகு க்ளெனிஸிடம் பையை வைத்து எல்லாவற்றையும் சொல்வேன், ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்யட்டும். அங்கிருந்து நேராக மென்னா வீடு.

நீயும் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கடவுள் காக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். ஒன்று மறக்காதே. இது கைக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மழையைப் பற்றிக் கேட்காதே, சொல்லிவிட்டீர்களா அப்பா என்று கேள். நான் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி நீயே அவளிடம் சொல்லிவிடு.

உன் அப்பா
எம்ரிஸ்